காயாத கிழங்குத் தோல்

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் தோலைப் பச்சையாக ஆட்டுக்குப் போடக் கூடாது என்பது ராசிபுரம் பக்கம் ஆடு வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்த, எனக்குப் பழக்கமான ஓர் அக்காவும், ஆலையில் கழித்துப்போடும் தோலை மூட்டையில் கொண்டுவந்து, வாசலில் பரப்பி, சருகாகக் காய்ந்த பிறகுதான் தன் மூன்று வெள்ளாடுகளுக்கு வைப்பார். புருஷன் போன பின் அந்த ஆடுகளை நம்பித்தான் அவர் இருந்தார்.

நான்தான் குறுக்கே போனேன். வீணாகும் தோலிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுப்பது என் ஆராய்ச்சி. மூக்கைத் துளைக்கும் ரசாயனம் எதுவும் வேண்டாம், கிளிசரினும் எலுமிச்சை உப்பும் கலந்த தண்ணீரே போதும், யாருக்கும் கேடில்லை என்று கருத்தரங்குகளில் பீற்றிக்கொள்வேன். ஆனால் காய்ந்த தோலில் சத்துக் குறைந்துபோனது.

"ஒரு வாரம் மட்டும் காய வைக்காதீங்கக்கா. தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, பச்சையாவேவா?" என்று தயங்கினார்.

"ஒன்னும் ஆகாதுக்கா."

பச்சைத் தோலில் சயனைடு உண்டு என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆடு என்ற சொல்தான் அதில் எங்குமே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது உயிரையும் வாங்கியது.

வருவதாகச் சொன்ன நாளில் கல்லூரியில் ஏதோ கூட்டம். மறுநாள் மதியம்தான் சாக்குகளோடு போனேன். அக்கா ஆலையில் இருந்த நேரத்தில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு தார்ப்பாயை இழுத்துவிட்டுப் பச்சைத் தோலைத் தின்றிருந்தன. இரண்டு ஆடுகள் வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தன. சினையாக இருந்த மூன்றாவது, அப்போதுதான் ஓடிவந்திருந்த அக்காவின் மடியில் காலை உதறி உதறி அடங்கியது.

அவர் நாலு வார்த்தை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சிதறிக் கிடந்த தோலைக் காலால் ஒதுக்கிக் குவித்தார்.

"எல்லாத்தையும் அள்ளிக்குங்க அம்மணி. இனி எனக்கு வேண்டியதில்லீங்க" என்றார்.

சாக்கின் வாயை அவரே விரித்துப் பிடித்தார். நான் அள்ளிப் போட்டேன்.