ஆய்வு நாள் விடுப்பு

ஷார்ஜாவின் முவைலாவில் ஓர் இந்தியத் தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியராக இருந்தேன். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருந்தனர். எங்களிடம் ஒருவரும் இல்லை. அப்பயிற்சியைத் தனியார் பள்ளிகளுக்கும் அளிப்பது குறித்துக் கலந்து பேச கல்வித் துறை அதிகாரி ஒருவர் வருவதாக அறிவித்தார்கள். என் மூன்றாம் வகுப்பில் அத்தகைய சிறுமி ஒருத்தி இருந்தாள். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த செவிலியரான அவள் தாய் அந்த வருகையையே நம்பியிருந்தார்.

பள்ளி முதல்வருக்கோ அதிகாரி வருகிறார் என்றாலே அது ஆய்வுதான். ஆய்வு நாள் வழக்கப்படி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் அனைவருக்கும், அச்சிறுமிக்கும், அன்று விடுப்பு அளித்துவிட்டார். வகுப்புகளைச் சுற்றிப் பார்த்த அதிகாரி, இங்கு எவருக்கும் உதவி தேவையில்லை என்று பாராட்டிச் சென்றார்.

மறுநாள் அந்தத் தாய் பள்ளி வாயிலில் என்னை நிறுத்தினார்.

“அவரு இவளப் பாக்கத்தானே சார் வந்தாரு? இவள வீட்டுல இருத்திட்டு வேற ஆரக் காட்டுனீங்க?”

அதிகாரியை மீண்டும் அழைக்குமாறு முதல்வரிடம் வேண்டினேன்.

“ஒருத்தரும் இல்லன்னு சொல்லியாச்சு. இப்ப இருக்காங்கன்னா, நேத்து பொய் சொன்னோம்னு ஆகாதா? கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுங்க சார்” என்றார்.

அரசு அனுப்பிய பேச்சுப் பயிற்சியாளர் வேறு தனியார் பள்ளிகளுக்குச் சென்றார். சிறுமி அவ்வாண்டு முழுவதும் முன்வரிசையில் அமர்ந்து என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.