முகூர்த்த நாளில் வைத்த கூட்டம்

லோகப்பிரியாவின் அழகு நிலையத்துக்கு யார் போன் செய்தாலும் எடுப்பது அவளுடைய மாமியார் பழனாத்தாள்தான்.

"பொண்ணுக்கு முடி எவ்வளவு நீளமுங்க? மண்டபம் எங்கீங்க? மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிக்கும் இப்பவே சொல்லிப்போடுங்க. பொறவு அன்னைக்கு வந்து எனக்கு மட்டும் ஏன் பூ கம்மின்னு சண்டை கட்டக் கூடாது பாருங்க."

இதே பழனாத்தாள், மருமகள் தொழில் தொடங்கிய புதிதில் பேச்சையே நிறுத்திக்கொண்டவள். "தோட்டங்காடு வெச்சிருக்கற ஊட்டுப் புள்ள, கண்டவங்க மூஞ்சியத் தேச்சுப்போட்டு வாரதா?" என்று சமையல்கட்டில் பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் ஓர் உறவுக்காரக் கல்யாணத்தில் முடிந்தது. வற்புறுத்தலின் பேரில் மருமகளிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போனவளைப் பார்த்து, கணவனின் கூடப்பிறந்த நங்கையாளே "பழனாத்தா வரலீங்களா? நீங்க அவ தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து போன் பழனாத்தாளின் மடியில்தான் கிடக்கிறது.

லோகப்பிரியா அன்னூர்ப் பக்கத்துப் பெண். பி.காம். முடித்த கையோடு மதுக்கரைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் கிருபாசங்கர் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சும்மா இருக்கப் பிடிக்காமல் அழகுக்கலைப் பயிற்சிக்குப் போனவள், நூலால் புருவம் திருத்தக் கற்றுக்கொண்டது அவனுடைய புருவத்தில்தான். ஒரு வாரம் முழுக்க எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுகிற முகத்தோடு அவன் கம்பெனிக்குப் போய்வந்தான். வீட்டின் முன்னறையில் நின்ற ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, ஒரு நாற்காலி, ஓர் ஆளுயரக் கண்ணாடி, குறுக்கே ஒரு திரை. அவ்வளவுதான் கடை. அந்த அறையிலிருந்து கிளம்பித்தான் பொள்ளாச்சி ரோடு, பல்லடம், அவிநாசி என்று மண்டபம் மண்டபமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

சித்திரையில் ஒரு செய்தி வந்தது. அழகு நிலையங்களுக்கு உரிமம் கொடுக்க மாநில அளவில் ஒரு குழு அமைக்கப்போகிறார்கள். குழுவில் அதிகாரிகள், ஒரு தோல் மருத்துவர், கிரீம் கம்பெனிக்காரர் ஒருவர் எல்லாரும் முடிவாகிவிட்டார்கள். கொங்குப் பகுதியிலிருந்து தொழில் செய்கிற ஒருவருக்கு ஓர் இடம் மிச்சம். கோயமுத்தூரில் கூட்டம் போட்டு, வந்தவர்கள் கை தூக்கி அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே விதிகளின் முன்வரைவும் வந்திருந்தது. வணிகக் கட்டடத்தில் இருக்கிற நிலையங்களுக்கு மட்டும்தான் உரிமம். வீட்டில் நடத்துவதற்குக் கிடையாது.

லோகப்பிரியா முன்னறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அதே நேரம் குனியமுத்தூரிலிருந்து ஹிபா கூப்பிட்டாள். ஹிபா மருதாணி போடுவதிலும் கொண்டை அலங்காரத்திலும் கெட்டிக்காரி. பெரிய கல்யாணங்களுக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள். மற்ற நாட்களில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே வேலை செய்கிறவள்.

"அக்கா, அப்ப நாமெல்லாம் பியூட்டிஷியனே இல்லையா? நான் புள்ளைய உட்டுப்போட்டு எங்க போய்க் கடை போடறது?"

"விதி இன்னும் முடிவாகலை கண்ணு. அந்தக் குழுவுல நம்மாளு ஒருத்தி உக்காந்தா மாத்திப்போடலாம்."

"யாரு உக்காருவா?"

"நாந்தான் உக்காரலாம்னு இருக்கறேன்" என்று சொன்ன பிறகுதான், அப்படிச் சொல்லிவிட்டோம் என்பது லோகப்பிரியாவுக்கே உறைத்தது.

கூட்டத்தின் தேதியைக் கேட்டதும் பழனாத்தாள் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினாள். வைகாசி வளர்பிறை முகூர்த்தம். "அடக் கடவுளே! இந்த வருசத்துலயே பெரிய முகூர்த்தம் இதுதான் அம்மணி. எந்தப் புண்ணியவான் குறிச்சுக் குடுத்தான்?"

புண்ணியவானின் பெயர் வெங்கடபதி. அந்தத் தேர்வை நடத்தப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி. லோகப்பிரியா போனில் பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க சார், அன்னைக்கு முகூர்த்த நாளுங்க. நாங்க ஒருத்தர்கூட வர முடியாதுங்களே."

"எனக்கு அன்னைக்கு ஒருநாள்தாம்மா ஹால் காலியாக் கெடச்சுது."

"ஏன் காலியாக் கெடச்சுதுன்னு யோசிச்சீங்களா சார்? மத்த ஆபீஸ்காரங்க எல்லாம் கல்யாணத்துக்கு லீவு போட்டிருப்பாங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. "அட, ஆமாம்மா. எங்க ஆபீஸ்லயே பாதிப் பேரு லீவு கேட்டிருக்காங்க. ஆனா சுற்றறிக்கை போயிருச்சே. வந்தவங்கள வெச்சு முடிக்க வேண்டியதுதான்."

வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தால் எல்லாரும் அழுகிற பொம்மைதான் அனுப்பினார்கள். ஒருத்திக்குத் தாராபுரத்தில் கல்யாணம், ஒருத்திக்குக் கோபியில். மணப்பெண்ணைப் பாதி முகத்தோடு விட்டுவிட்டு ஓட முடியுமா?

லோகப்பிரியாவுக்கும் ஹிபாவுக்கும் அன்றைக்கு ஈச்சனாரிப் பக்கம் ஒரு மண்டபம். கொங்குக் கல்யாணத்தில் மணப்பெண்ணை மட்டும் ஜோடித்தால் போதாது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் உண்டு. அவளும் பட்டுடுத்தி மணப்பெண்போலவே சபையில் உட்கார வேண்டும். அந்த மாப்பிள்ளையின் அக்கா இணைச்சீர் முடிந்து மேடையை விட்டு இறங்கிய பிறகும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"எனக்கு இந்தப் பக்கம் பூ கம்மியா இருக்குதுங்க."

"ரெண்டு பக்கமும் ஒரே பூதானுங்க. நீங்க தலையச் சாச்சுப் பாக்கறீங்க" என்றாள் ஹிபா.

மணப்பெண்ணுக்குக் கடைசிக் கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டிருந்த லோகப்பிரியா, மூன்றாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஹிபா அவள் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கினாள்.

"நீங்க கிளம்புங்க அக்கா. கூறைச்சீலை மாத்தறத நான் பாத்துக்கறேன்."

"எங்க போறீங்க?" என்று மணப்பெண் கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் நெற்றிச்சுட்டி ஆட நிமிர்ந்தாள். "அதுக்கென்ன, போய்ட்டு வாங்கக்கா. எங்கம்மா கேட்டா நான் சொல்லிக்கறேன். எங்க சித்தியும் ஊட்டுலதான் பார்லர் வெச்சிருக்குது."

"ஏனுங்க, அப்ப என்ற பூவு?" என்று மாப்பிள்ளையின் அக்கா பின்னாலிருந்து கத்தியபோது, லோகப்பிரியா ஸ்கூட்டரில் ஏறியிருந்தாள்.

ஹாலில் மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் மட்டும் கொஞ்சம் பேர். கிரீம் கம்பெனியின் ஆட்கள், பயிற்சி நிலையங்களின் அலுவலகத்துக்காரர்கள், நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் பெரிய பயிற்சி நிலையம் நடத்தும் ராமாமணி. வெங்கடபதி பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"அப்ப தொழில் செய்யறவங்க சார்பா ராமாமணி அம்மாவத் தேர்ந்தெடுத்ததா எழுதிரலாமா?"

"ஒரு நிமிசமுங்க சார்!"

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் நின்றவளின் முந்தானை ஓரத்தில் கொண்டை ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. புறங்கையில் கலந்து பார்த்த பவுண்டேஷன் மூன்று நிறத்தில் காய்ந்திருந்தது. மூச்சு வாங்கியது. யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் உக்கடம் நெரிசலிலேயே போய்விட்டது. மனசில் பட்டதைக் கேட்டாள்.

"முகூர்த்த நாள்ல காலையில வந்து சும்மா உக்காந்திருக்க முடியற பியூட்டிஷியனுக்கு, எந்தப் பொண்ணு சார் முகத்தக் குடுக்கும்?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது ராமாமணி.

"இந்தப் புள்ள கேக்கறது நெசம் சார். நான் பிரஷ் புடிச்சு வருசமாச்சு. நானே மத்தியானப் பந்தி வரைக்கும் பொழுது போகோணுமேன்னுதான் உக்காந்திருக்கறேன்." சிரிப்பு அடங்கியதும் பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஆனா அம்மணி, நீ ஒரு வார்த்தை சொன்னேங்கறதுக்காக நான் இடத்த உட்டுக்குடுத்துர மாட்டேன். போட்டின்னா போட்டிதான்" என்றாள்.

"நில்லுங்கம்மா. நாங்களும் வர முடியற நாள்ல நில்லுங்க."

வெங்கடபதி பேனாவை மூடினார். "சரி, எப்ப வெச்சா வருவீங்க?"

"ஆடி மாசத்துல எந்த நாள் வேணுமின்னாலும் வைங்க சார். எங்கள உட்டா வேற யாரும் வெட்டியா இருக்க மாட்டாங்க."

மண்டபத்துக்குத் திரும்பியபோது தாலி கட்டி முடிந்திருந்தது. கூறைச்சேலையில் ஒரு மடிப்புக்கூடப் பிசகவில்லை.

ஆடியில் அந்த ஹாலில் நாற்காலி போதவில்லை. தாராபுரம், உடுமலை, சென்னிமலை என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். ஜன்னல் திண்டிலும் மேடைப் படியிலும் உட்கார்ந்தார்கள். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடி, ஒருவர் முகத்தை ஒருவர் போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பேச்சு கூரையைத் தூக்கியது. வெங்கடபதி வந்து மைக்கைத் தட்டுவதற்குள் பின்வரிசையில் இரண்டு பேருக்குப் புருவம் திருத்தி முடிந்திருந்தது. பழனாத்தாளும் வந்திருந்தாள். அவளுக்கு ஓட்டு கிடையாது என்றதும், "புக்கிங் எடுக்கறவ தொழில் செய்யறவ இல்லீங்களா? அதையும் அந்த விதியில எழுதுங்க" என்று வாசலில் இருந்தவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராமாமணி நன்றாகவே பேசினாள். பயிற்சி இல்லாதவர்கள் கண்டதைப் பூசி முகத்தைக் கெடுப்பதைச் சொன்னாள். லோகப்பிரியாவே கை தட்டினாள். அவள் முறை வந்தபோது மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லீங்க, மேடையில இருக்கறவங்களுக்குப் பூ வெச்சுத்தான் பழக்கம்" என்று தொடங்கினாள். தன் முன்னறையைப் பற்றிச் சொன்னாள். அங்கே உட்கார்ந்து எழுந்து போன பெண்களைப் பற்றிச் சொன்னாள். "அந்த ரூம்புக்குப் பூட்டுப் போட்டுட்டா, அவங்க கண்ணாடியில பாத்த சந்தோசத்த எங்க வெச்சுக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

லோகப்பிரியாவின் பெயரைச் சொன்னதும் கைகள் உயர்ந்தன. எண்ணத் தொடங்கிய வெங்கடபதி பாதியில் நிறுத்திக்கொண்டார். ஹிபா குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கியிருந்தாள். அது செல்லாது என்று இறக்கச் சொன்னார்கள். அது இல்லாமலேயே போதுமானதாக இருந்தது.

ராமாமணி எழுந்துவந்து லோகப்பிரியாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "என்றகிட்டப் படிச்சுப்போட்டுப் போனவளுகளே உனக்குத்தான் கையத் தூக்கறாளுக! இருக்கட்டும். பயிற்சியப் பத்தி நான் சொன்னத மட்டும் அங்க மறந்துராத."

"அத முதல்ல சொல்றேனுங்கம்மா."

சொன்னாள். சென்னையில் நடந்த குழுவின் முதல் கூட்டத்தில், நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, முதலில் பயிற்சியைப் பற்றித்தான் பேசினாள். பிறகு வீட்டு நிலையங்களுக்கு வந்தாள். தோல் மருத்துவர் குறுக்கிட்டார்.

"வீட்டுல சுத்தம் இருக்குமா?"

"அதப் பாருங்க டாக்டர். துண்டு தொவைச்சிருக்குதா, பிளேடு புதுசா, தண்ணியும் வெளிச்சமும் இருக்குதான்னு வந்து பாருங்க. கடையின்னாலும் பாருங்க, ஊடுன்னாலும் பாருங்க. கதவு ரோட்டப் பாத்துத் தொறக்குதா, சமையல்கட்டப் பாத்துத் தொறக்குதாங்கறதுல முகத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களே."

மருத்துவர் யோசித்தார். கிரீம் கம்பெனிக்காரர் ஏதோ முணுமுணுத்தார். "இவங்க சொல்றதுதான் சரியான அளவுகோல்" என்றார் மருத்துவர். சாப்பாட்டு நேரத்துக்குள் விதி மாறியது. சுத்தத்துக்கான நிபந்தனைகளோடு வீட்டு நிலையங்களுக்கும் உரிமம்.

லோகப்பிரியா வராந்தாவிலிருந்தே ஹிபாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு கத்தல். பயந்துபோன குழந்தையின் அழுகை. அதைத் தேற்றிக்கொண்டே ஹிபாவின் சிரிப்பு. லோகப்பிரியாவும் வராந்தாவில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உரிமம் கைக்கு வந்ததும் ஹிபா முதல் வேலையாக ஒரு பெயர்ப்பலகை எழுத வைத்தாள். யாராவது வந்து மூடச் சொல்லிவிடுவார்களோ என்று இத்தனை காலமும் வைக்காமல் இருந்தாள். இளஞ்சிவப்பில், சுற்றிலும் மருதாணிக் கொடி போட்டு, ‘ஹிபா அழகு நிலையம்’. லோகப்பிரியா நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, ஹிபா அதன்மேல் ஏறி வாசல் கேட்டுக்கு மேலே ஆணி அடித்தாள்.

எதிர்வீட்டு அம்மா சாமான் பையோடு வந்தவர் நின்று, பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏம்மா, இத்தனை நாளும் இங்கதான் பார்லர் வெச்சிருந்தியா? நான் முடி வெட்ட ரெண்டு பஸ் மாறிப் போயிட்டிருக்கறேன்!"

"உள்ள வாங்கம்மா" என்றாள் ஹிபா, நாற்காலியிலிருந்து குதித்து இறங்கியபடி.