கூடவே கொப்பளித்த அருள்தாஸ்

காலையில் முதல் நோயாளியின் தாடைக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு நின்றபோது, களம்பூர் மருந்து மொத்தக் கடையிலிருந்து போன் வந்தது. "மேடம், நம்ம அருள்தாஸ் போயிட்டாருங்க. டூட்டிக்குக் கிளம்பிகினு இருந்தவரு, செருப்பு மாட்டும்போதே அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார் கடைக்காரர். ஊசி போட்டாயிற்று, அந்த அம்மாளைப் பாதியில் அனுப்ப முடியாது. பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கையுறையைக் கழற்றவில்லை என்பது கண்ணைத் துடைக்கப் போனபோதுதான் தெரிந்தது.

ஆரணி, வந்தவாசி, தெள்ளார் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிற எல்லோருக்கும் அருள்தாஸைத் தெரியும். மூலிகை மவுத்வாஷ் தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாகப் பல வருடம் நம் வாசல்களில் காத்திருந்தவர். நோயாளிகள் எல்லோரும் போன பிறகுதான் உள்ளே வருவார். அவர் வைத்துவிட்டுப் போன பச்சைப் பாட்டில் உங்களில் சிலருடைய மேசையில் இன்னும் இருக்கலாம். அவர் அந்த வேலையை ஏன் விட்டார் என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல்முறை அவர் என் க்ளினிக்குக்கு வந்தபோது மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். "கொப்பளிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசலாங்க மேடம்." வேப்பம்பட்டையின் கசப்பு, அதன் மேல் கிராம்புக் காரம். இருவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். எனக்குச் சிரிப்பு பீறிட்டு, பாதி மருந்து வெள்ளைக் கோட்டில் சிந்திவிட்டது. அவர் பதறாமல் தன் வாயைக் காலி செய்துவிட்டு வந்து, "கறை புடிக்காதுங்க. எங்க மருந்தோட முதல் விசேஷமே அதான்" என்றார்.

ஈறு வீக்கம், வாய் நாற்றம் என்று வருகிறவர்களுக்கு நான் அந்த மருந்தை எழுதத் தொடங்கினேன். நன்றாகவே இருந்தது. ஆனால் வாயில் அறுவை செய்தவர்களுக்கு மறுநாளிலிருந்து கொப்பளிக்க குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தையே எழுதுவேன். அருள்தாஸுக்கு அதில் ஒரு சின்னக் குறை. "அது பல்லக் காவியாக்குது, ருசியக் கெடுக்குது, ஜனங்க பாதில நிறுத்திடறாங்க. எங்களுத எழுதுனா முழுசா கொப்பளிப்பாங்கல்லங்க?" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூலிகை மருந்துகளைப் பற்றி நம்பிக்கையான பேச்சு நிறையவே இருக்கிறது. இருந்தாலும் எலும்பு வரை திறந்த காயத்துக்கு நான் அறிந்த மருந்தை மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை என்பேன். "சரிங்க, அடுத்த மாசம் வந்து திரும்பக் கேக்கறேன்" என்று பையை எடுத்துக்கொள்வார். கேட்கவும் செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி ஜெசிந்தாவை என்னிடம் அழைத்து வந்தார். வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்பவர். நல்ல பேச்சுக்காரி. கீழ்த்தாடையில் ஞானப்பல் ஒன்று புதைந்து, அதைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்திருந்தது. சர்க்கரை வேறு இருந்தது. தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஏறியிருக்கிறது என்று தள்ளிப்போட்டு, அது இறங்கிய பிறகே வந்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது. இன்று கொப்பளிக்க வேண்டாம், நாளையிலிருந்து இந்த மருந்து, காலையும் இரவும் என்று சொல்லி அனுப்பினேன். அருள்தாஸ் அப்போது வெளியூர்ச் சுற்றில் இருந்தார்.

சில நாளில் அவர் மனைவியை ஆட்டோவில் கூட்டிவந்தார். கன்னமும் தாடையின் அடியும் கல்லாக வீங்கியிருந்தன. வாய் ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. வீக்கம் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சு முட்டும். இந்த ஊரில் வைத்துப் பார்க்க முடியாது. நான் பயந்தேன். சீழை வெளியேற்றி, ஊசி போட்டு, உடனே வேலூருக்கு அனுப்பினேன். வண்டி ஏறும்போது ஜெசிந்தா வாயைத் திறக்க முடியாமலே முணுமுணுத்தார். "அந்த மருந்து ஊத்துனா மீன் கொழம்பு மண்ணு மாதிரி கீதுங்க. அதான் அவுரு மருந்தையே ஊத்திகினேன்."

அருள்தாஸ் அதை அப்போதுதான் கேட்டார். மனைவியின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வேலூரில் காப்பாற்றிவிட்டார்கள். திரும்பி வந்ததும் அருள்தாஸ் மட்டும் என்னைப் பார்க்க வந்தார். சர்க்கரை கூடியிருந்தது, எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். "எங்க மருந்தால வந்துச்சுன்னு நான் சொல்லலீங்க மேடம். அது போதும்னு அவ நம்புனா. வீட்ல சோறு துன்னும்போதுகூட அதப் பத்தியே பேசிகினு இருந்தேன், வேற எத நம்புவா?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

குளோர்ஹெக்சிடினை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அருள்தாஸ் அதட்டவில்லை. இரண்டு மூடியில் ஊற்றி, ஒன்றை மனைவியிடம் கொடுத்து, மற்றதைத் தன் வாயில் விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாராம். காலையும் இரவும் அப்படியே. அவருக்கும் சோறு மண்ணானது. "ரெண்டு பேருக்குமே ருசி இல்லன்னா கொழம்பக் கொற சொல்ல ஆளில்லைங்க மேடம்" என்று சிரித்தார். சிரிக்கும்போது பார்த்தேன். பற்களெல்லாம் காவி ஏறியிருந்தன. உங்களுக்குத் தேவையில்லையே, எதற்கு இது என்று கேட்டேன். "எனக்குத் தேவையில்லங்க. அவளுக்கு நான் தேவைப்படறேன்" என்றார்.

அந்தக் காவிப் பற்களோடுதான் கம்பெனிக் கூட்டத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே என்னிடம் நடித்துக் காட்டினார். மேனேஜர் எல்லார் முன்னாலும், "யோவ், மவுத்வாஷ் விக்கறவன் வாயாய்யா இது? வெத்தல போடறியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் உள்ளதைச் சொன்னார். "இல்லங்க சார். வீட்ல ஆபரேஷன். அவங்ககூட சேந்து நானும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கறேன்." கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம். மேனேஜர் சிரிக்கவில்லை. "நம்ம மருந்து வீட்ல இல்லியா?" "கீதுங்க சார். காயம் ஆறுனப்புறம் அதத்தான் குடுக்கணும்."

அதன் பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அறுவைக்குப் பிறகும் மூலிகை மவுத்வாஷ் மட்டுமே போதும் என்று இந்தப் பகுதி மருத்துவர்களைச் சொல்ல வைக்க வேண்டும், என்னிடமிருந்தே தொடங்க வேண்டும். அன்று அருள்தாஸ் வழக்கம்போல் கடைசியாக உள்ளே வந்தார். பையைத் திறக்கவில்லை.

"கேக்கச் சொன்னாங்க மேடம். கேட்டுட்டேன். நீங்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

"மாட்டேன்" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸுங்க." அவ்வளவு நிம்மதியோடு ஒருவர் என் க்ளினிக்கிலிருந்து எழுந்து போனதில்லை. வேறு யாரிடமும் அவர் அதைக் கேட்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டார். அடுத்த மாதம் பச்சைப் பாட்டிலோடு வேறொருவர் வந்தார்.

சில மாதம் வீட்டில் இருந்தார். தறிக்குப் பாவு நூல் எடுத்துக் கொடுத்தார், சமைத்தார். பிறகு களம்பூர் மொத்தக் கடையில் சேர்ந்து, இரண்டு வகை மருந்தையும் ஒரே பையில் கொண்டுவந்தார். பழைய கம்பெனியைப் பற்றி யாராவது குறையாகப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "நல்ல மருந்துங்க அது. இப்பவும் நான் அதான் கொப்பளிக்கறேன். அது தலைமேல தூக்க முடியாத வேலைய வெக்கறாங்க, அதான் பேஜாரு" என்பார். மருந்தைப் பற்றி அவ்வளவு பிரியமாகவும் அவ்வளவு நிதானமாகவும் பேசிய ஒருவரை நான் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெசிந்தாவைப் பார்க்கப் போனேன். தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் கூடத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைச் சமையலறைக்குள் அழைத்துப் போய் மணையில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "நான் பண்ணதுக்கு அவுரு வேல போச்சுங்க டாக்டரம்மா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அதச் சொல்லிக் காட்டலீங்க" என்றார். வேலை போனது உங்களால் இல்லை என்றேன். தலையாட்டினார். பிறகு, "இனிமே ருசி இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா" என்று சொல்லி அழுதார். கூட உட்கார்ந்திருந்தேன்.

அருள்தாஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. அறுவை முடிந்தவர்களிடம் மருந்தின் பெயரையும் வேளையையும் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்த காலம் உண்டு. இப்போது அதற்குப் பிறகு, "வீட்ல உங்ககூட உட்கார்ந்து சாப்பிடறது யாரு?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு விசைத்தறிக்காரருக்குப் பல்லை எடுத்துத் தாடையில் தையல் போட்டேன். கேட்டதும் பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார்.

"நான் இன்னாங்க செய்யணும்? எனக்குப் பல்லு புடுங்கலியே" என்றார் அந்தப் பெண்.

"மருந்து கசக்கும், சோறு ருசிக்காது, நிறுத்திடலாம்னு தோணும். அவர் கொப்பளிச்சு முடிக்கற வரைக்கும் கூட நில்லுங்க, போதும்" என்றேன்.

அவர் புருஷனை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கறேன் நிக்கறேன். நீ ஒழுங்கா கொப்பளி" என்றார்.