மண்ணின் பங்கு

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கட்டாந்தரையில் கழி நட்டு, சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டிருந்தாள் பால்காரம்மா. மாட்டுக்கு அது உயிர். ஆனாலும் பாதிக் கொடியைத்தான் மாட்டுக்கு அறுப்பாள். மீதியைப் பூவும் பிஞ்சுமாகக் கொத்தி மண்ணுக்குள் புதைத்துவிடுவாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

தீவனம் கிடைக்காத கோடையில் கணவருக்குப் பொறுக்கவில்லை. "வாயில்லா ஜீவன் அரை வயிறா நிக்குது. நீ மண்ணுல கொட்டுறியே."

"மண்ணுக்கு மட்டும் வாய் இருக்குங்களா? அதுக்கும் நாமதான் பாத்துப் போடணும்" என்றாள்.

மறு வருஷம் மழை பெய்ததும் அவரே அந்தத் தரையைக் கொத்தினார். முன்பெல்லாம் கணீரென்று எகிறும் மண்வெட்டி, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார்.

மீதிக் கொடியைத் தன் மாட்டுக்கு அறுக்க மச்சான் அரிவாளோடு வந்தபோது அவரே தடுத்தார்: "அதுல கை வைக்காத மச்சான். அது மண்ணோட பங்கு."