நான் போட்ட நாலு சைபர்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் நான் டைப் அடிக்கிற ஜெராக்ஸ் கடை. அன்றைக்கு அங்கே இருந்தது மூன்று பேர்தான்: நான், கடைக்கார அண்ணன், கடல் உயிரியல் படிக்கிற ஒரு பெண்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். அம்பத்தூருக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை என்றால், என் மனசு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடும்.

அந்தப் பெண் முந்தின நாள் தந்த தாள்களை அடித்து வைத்திருந்தேன். பவளம் என்றால் மோதிரக் கல் என்றுதான் நினைத்திருந்தேன். அது உயிராம். கடல் சூடேறினால் வெளுத்துப் போகுமாம். வெளுத்ததெல்லாம் செத்ததில்லையாம், தண்ணீர் ஆறினால் தேறிக்கொள்ளுமாம். அவளுடைய சீனியர்கள் கடலுக்கடியில் பத்து இடத்தில் சதுரமாய் ஒரு சட்டம் வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கு எத்தனை பங்கு பவளம் உயிரோடு இருக்கிறது என்று எழுதி வந்திருந்தார்கள்.

அச்செடுத்த தாளின் அடியில் கம்ப்யூட்டர் போட்டிருந்த சராசரியைப் பார்த்ததும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "சராசரி இருபத்து நாலா? போன வருஷம் நாப்பத்திரண்டு இருந்துச்சுக்கா! பாதி போயிடுச்சா?" கண் கலங்கிவிட்டது. பேராசிரியருக்கு அனுப்பப் போனைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தந்த தாளில் நாலு கட்டம் காலியாக இருந்தது. எங்கள் கடையில் ரேஷன் கார்டு, பென்ஷன் என்று எந்த மனு அடித்தாலும் காலி விடக்கூடாது. விட்டால் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நாலிலும் சைபர் தட்டியிருந்தேன். சொன்னால் வேலை போய்விடுமோ? சொல்லாவிட்டால்?

"கண்ணு, அனுப்பாத. அந்த நாலு சைபரும் நான் போட்டது."

மெஷினுக்குப் பின்னாலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பாதிக் கடலைக் கொன்னுட்டு கம்முனு உக்காந்துகினு கீறே?"

அவள் திட்டவில்லை. கையெழுத்துத் தாளை வாங்கிப் பார்த்தாள். "இங்கல்லாம் தண்ணி கலங்கி இருந்துச்சாம்க்கா. சைபர்னா, பார்த்தோம், ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். காலின்னா, பார்க்கவே முடியலன்னு அர்த்தம்."

நாலையும் அழித்தேன். மீதி ஆறு கட்டம், கூட்டினால் இருநூற்று நாற்பது. ஆறால் வகுத்தால் நாற்பது. அந்த நாலு இடம் எப்படி இருக்கிறதென்று தெரியாது, தெரியாது என்றே எழுதுவேன் என்றாள். அண்ணன் மூன்று டீ சொன்னார்.

வீட்டுக்காரர் இப்போதும் சில நாள் போனை எடுப்பதில்லை. மனசு சைபர் தட்டக் கையை நீட்டும். இன்னும் பார்க்கவே இல்லையே என்று சொல்லி, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.