எங்கள் ஸ்டாலுக்கு நின்ற வரிசை

கொரோனா ஓய்ந்த பிறகு வந்த ஓர் ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. அருவிக்குப் போகும் வழியில் போட்டிருந்த பொருட்காட்சியில் நானும் என் தோழியும் ஒரு ஸ்டால் எடுத்திருந்தோம். இரண்டு பேரும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்துவிட்டு, தென்காசியில் ஒரு மாடி அறையில் சின்னதாக ஆர்ட் கேலரி நடத்துகிறோம். ஒரு பக்கம் அப்பளக் கடை, மறுபக்கம் மிளகாய் பஜ்ஜி, நடுவில் நவீன ஓவியம். எங்கள் தைரியத்தை நீங்கள் மெச்சத்தான் வேண்டும்!

எங்கள் குடும்பத்தில் போலீஸ், இல்லாவிட்டால் பட்டாளம். அப்பா ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். "இந்த ஒரு சீசன் பாப்போம். உன் படத்தை நாலு பேரு நின்னு பாத்தா சரி. இல்லைன்னா கேலரியப் பூட்டிட்டு போலீஸ் பரீச்சைக்குப் படி" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானும் வீம்புக்குத் தலையாட்டிவிட்டேன்.

தோழி செய்திருந்தது அசையும் சிற்பம். எவர்சில்வர் தட்டுகளை வெட்டி வளைத்து, ஆளுயரக் கம்பியில் தனித்தனியாகச் சுழலும்படி அடுக்கடுக்காக மாட்டி, எல்லாவற்றையும் ஒரே பெல்ட்டில் அடியில் இருந்த மோட்டாரோடு இணைத்திருந்தாள். சுவிட்சைப் போட்டால் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சுற்றும். என்னுடையவை ஓவியங்கள். அருவியில் குளிக்கிற பெண்கள். நேரே பார்த்த கண், பக்கவாட்டில் பார்த்த மூக்கு என்று துண்டு துண்டாக்கி ஒரே முகத்தில் சேர்க்கிற பாணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். அவர் வந்த நேரம் பார்த்தா சாரல் பிடிக்க வேண்டும்! ஒயர் நனைந்துவிட்டது என்று எங்கள் வரிசைக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். தட்டுகள் அசையாமல் நின்றன. சாரலுக்குப் பயந்து மேற்குப் பக்கம் நாங்கள் கட்டியிருந்த தார்ப்பாயால் உள்ளே ஒரே இருட்டு. எட்டிப் பார்த்த ஓர் ஆள் தன் கூட்டாளியிடம், "ஏலே, மூக்கு காதுகிட்ட கெடக்கு பாருலே. ஆக்சிடென்ட் கேஸு போல" என்றான். சிரித்துக்கொண்டே பஜ்ஜி கடைக்குப் போய்விட்டார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "சாயங்காலத்தோட மூட்டையக் கட்டுட்டி" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தார்ப்பாய் வேறு படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. சனியன், இது ஏன் இப்படி அடிக்கிறது என்று திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. ஊரைச் சுற்றிலும் காற்றாலை நிற்கிற சீமையில் பிறந்துவிட்டு, காற்றை மறைத்துத் தார்ப்பாய் கட்டி, உள்ளே மோட்டாரை நம்பி உட்கார்ந்திருக்கிறோமே!

"மோட்டார் பெல்ட்டக் கழட்டுட்டி" என்று தோழியிடம் சொல்லிவிட்டுத் தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்தேன்.

"படம் நனையும்ட்டி!" என்று கத்தினாள்.

"ஆயில் பெயின்ட்தான. நனைஞ்சா நனையட்டும்" என்று தார்ப்பாயைச் சுருட்டி எறிந்தேன்.

காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்தன. முதலில் மேல் தட்டு சிணுங்கியது. பிறகு ஒவ்வொரு அடுக்கும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம், ஒரு வேகம் என்று சுழல ஆரம்பித்தது. மோட்டாரில் ஒரு நாளும் அது அப்படி ஆடியதில்லை. தட்டில் பட்ட சாரல் பொடிப்பொடியாகத் தெறிக்க, அந்தக் கலகலச் சத்தம் கேட்டு அப்பளக் கடையில் நின்றவர்களெல்லாம் இங்கே திரும்பினார்கள். தோழி பெல்ட்டைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள்.

கூட்டத்தோடு, குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண்ணும் வந்தார். பாவூர்சத்திரத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. என் படத்தின் முன்னால் நின்றவர் சட்டென்று சிரித்தார். "மதினி, இங்கன வாங்களேன்! அருவிக்குள்ள நின்னு கண்ணத் தொறந்தா பக்கத்துல நிக்கவ மூஞ்சி இப்பிடித்தான தெரியுது!"

அதைத்தான் நான் வரைந்திருந்தேன். அத்தனை நாளில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சொன்னதைக் கேட்டு, இது யார் கண், அது யார் மூக்கு என்று ஆளாளுக்குப் படத்தில் தேட ஆரம்பித்தார்கள். கூட்டம் பஜ்ஜி கடையையும் தாண்டிவிட்டது. தள்ளுமுள்ளு ஆகிவிடுமோ என்று நான் பயந்தபோது ஒரு குரல் கேட்டது.

"பாத்தவங்க வெளிய வாங்க! பின்னால நிக்கவங்களுக்கு வழி விடுங்க! லைன்ல வாங்க, லைன்ல!"

அப்பா! மெயினருவியில் எத்தனையோ சீசன் டியூட்டியில் நின்று, குளித்தவர்களை வெளியேற்றிய அதே குரல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்தபடியே எங்கள் ஸ்டாலுக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மூட்டை கட்டுகிற பேச்சையும் எடுக்கவில்லை.

படம் நன்றாக இருக்கிறது என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அடுத்த சீசனுக்கு நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பீரோவைக் குடைந்துகொண்டே, "ஏட்டி, என் பழைய விசில எங்க வச்ச?" என்று கேட்டார். எந்த விருது வாங்கினாலும் எனக்கு அந்தக் கேள்வி தந்த பெருமை வராது.