ஊதாக் கல்லும் உப்புக் கல்லும்

பிள்ளைகளே, என் அத்தை மகன் அந்த ஊதாக் கல்லைக் கொண்டுவரும்வரை எனக்குக் கல் என்றால் காலில் இடறுவது மட்டும்தான்.

எழுபதுகளில் நடந்தது இது. தூத்துக்குடியில் அடுத்தடுத்த தெருவில் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவனுடைய அப்பா, அதாவது என் மாமா, கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பெட்டி பிரிப்பார், போய்விடுவார். அந்தத் தடவை பெட்டியிலிருந்து வந்தது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கல். பிரேசிலில் வாங்கியதாம். பட்டை பட்டையாக, முனை கூராக இருக்கும். வெயிலில் பிடித்தால் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் அதை வெளியே எடுப்பான். பிள்ளைகள் மொய்ப்பார்கள். என் முறை வரும்போது மட்டும் கையை மூடிக்கொள்வான்.

"பாத்தது போதும்லே. தேஞ்சிரப் போவுது."

எனக்கு வயிறு எரிந்தது. "எங்க அப்பாட்டயும் கல்லு இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"உப்புக் கல்லா, ஏலே? அதக் கொழம்புல போடு!"

எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனுடையதைவிடப் பெரிய கல் வேண்டும் என்றேன். உப்பளப் பாத்தியில் உப்பு கட்டி தட்டிப் போகாமல் இருக்க வாருபலகையால் தினமும் கிளறுவார்கள். கிளறினால் உப்பு சிறு சிறு மணியாக நிற்கும். கிளறாமல் விட்டால் கல் பெருத்துவிடும். அப்பா ஒரு மண்தொட்டியில் பாத்தித் தண்ணீரை ஊற்றி, ஒரு குச்சியிலிருந்து நூலில் சின்ன உப்புக் கல்லைத் தொங்கவிட்டு, கொட்டகை நிழலில் வைத்தார்.

"அசைக்காத. அதுபாட்டுக்கு வளரட்டும்."

வளர்ந்தது. யாரும் செதுக்காமலே நாலு பக்கமும் கத்தியால் வெட்டின மாதிரி சதுரமாக, கண்ணாடி மாதிரி வளர்ந்தது. கடைசியில் பெரிய நெல்லிக்காய் அளவு வந்துவிட்டது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பிறகு கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பூமியில் தானாக விளைந்து, தனக்கென்று ஓர் உருவ ஒழுங்கு உள்ளதைக் கனிமம் என்கிறார்கள். நம் ஊர் முத்து இந்தக் கணக்கில் வராது, அது சிப்பி என்ற உயிர் செய்வது. ஊதாக் கல் கனிமம். எரிமலைக் குழம்பு இறுகும்போது உள்ளே காற்றுக் குமிழி மாதிரிப் பொந்துகள் விழும். கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் சுடுநீர் அதில் கசிந்து, ஆறி, எத்தனையோ யுகமாகப் படிந்து படிந்து முனை கட்டும். துளி இரும்பு சேர்ந்தால் ஊதா நிறம் வரும். உப்பும் கனிமம்தான். தேங்கிய கடல்நீரை வெயில் குடித்துவிட்டால் மிஞ்சுவது அது. ஒன்றுக்கு யுகம், ஒன்றுக்குக் கோடைகாலம். இரண்டும் நீரில் கரைந்து கிடந்தவைதான்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடல் காற்றுப் பட்டால் உப்பு வேர்க்கும். அதனால் எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடத்தில் என் கல்லை ஒளித்து வைத்தேன். அடுப்புக்கு மேலே இருந்த உப்புச் சாடிக்குள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் அவனும் சாப்பிட வந்தார்கள். இலை போட்டதும் சாடியில் கையை விட்டேன். பொடி உப்புதான் இருந்தது.

"அம்மா, இதுல பெரிய கல்லு ஒண்ணு கெடந்துச்சே?"

"கொழம்புல போட்டாச்சு. ஆளு கூடன்னா உப்பும் கூட வேணும்லா?"

"கொழம்பு நல்லாருக்கு, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றான் அவன்.

நான் இலையின் முன்னால் உட்கார்ந்து விம்மினேன். அப்பா நடந்ததைச் சொன்னார். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஊதாக் கல்லை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"இத நீ வச்சுக்க. மாமா எனக்கொரு கல்லு வளத்துத் தரட்டும். நான் தெனமும் வந்து பாப்பேன்" என்று என் அப்பாவைக் காட்டினான்.

"ஏலே, அது ஒங்கப்பா தந்ததுல்லா!" என்றாள் அத்தை.

"இருக்கட்டும்."

மனம் மாறிவிடுவானோ என்று நான் வெடுக்கென்று பறித்துக்கொண்டேன். பிரேசில் கல்லைக் கொடுத்து உப்பை வாங்குகிறான், இப்படியும் ஒரு மடையனா என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவன் உப்பளத்துக்கு வந்துவிடுவான். அவனும் அப்பாவும் தொட்டிப் பக்கத்தில் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருப்பார்கள். என்னை 'ஏலே' என்கிற அப்பா அவனை 'மருமவனே' என்பார். அவன் ஏதோ கேட்பான், அப்பா சிரிப்பார். நான் வரப்பில் தனியாக உட்கார்ந்து ஊதாக் கல்லை வெயிலில் பிடிப்பேன். உள்ளே விளக்கைக் காணோம்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "கல்லுதான் வளந்துட்டுதே, இன்னும் எதுக்கு வாரான்? வரவேண்டாம்னு சொல்லுங்கப்பா."

"ஏலே, அவன் கல்லையா பாக்க வாரான்?"

"பின்ன எதப் பாக்க வாரான்?"

வரப்பில் அவன் ஓடி வருவது தெரிந்ததும் அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறி, அவன் உட்காரத் தன் பக்கத்தில் விரித்துப் போட்டார். நான் கையை இறுக்கி மூடிக்கொண்டேன். கல்லின் முனை உள்ளங்கையில் குத்தியது.